எத்தனை பேர் என்று கேட்டால் ஏன் ஒரே பதில் கிடைப்பதில்லை? எல்ஜிபிடி எண்ணிக்கையும் இலங்கையும்

நேபாளத்தின் 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பாலினத்தவராகப் பதிவானவர்கள் 2,928 பேர். ஏறத்தாழ 2.9 கோடி மக்கள் வாழும் நாட்டில் அது 0.01 சதவீதம். அமெரிக்காவில் கலப் நிறுவனம் 2024இல் நடத்திய கருத்துக்கணிப்புகளில், வயது வந்தவர்களில் 9.3 சதவீதமானோர் தம்மை எல்ஜிபிடி என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் முறைப்படி எடுத்த கணக்குகள்தான். முதலாவதை எடுத்துக்கொள்பவர் "இப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்" என்கிறார். இரண்டாவதை எடுத்துக்கொள்பவர் "பத்தில் ஒருவர்" என்கிறார். தற்பாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவைப் பற்றிக் கொழும்பில் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு குரல்களும் கேட்கும். வாசிப்பவர் எதை நம்புவது?

இந்த எண்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தில் பெரும்பகுதி, கேட்ட கேள்வியாலும் கேட்ட இடத்தாலும் வந்தது. மனிதர்கள் நாட்டுக்கு நாடு அந்த அளவுக்கு மாறுபடுவதில்லை.

முதலில், எதை எண்ணுகிறோம்?

எல்ஜிபிடி என்ற சுருக்கப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு விடயங்கள் இருக்கின்றன. பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், இருபாலீர்ப்பு உள்ளவர் ஆகிய மூவரும் யார் மீது ஈர்ப்பு என்பதை வைத்து அடையாளம் பெறுகிறார்கள். இது பாலியல் நாட்டம். திருநர் என்போர், பிறப்பில் பதியப்பட்ட பாலுக்கும் தாம் தம்மை உணரும் பாலுக்கும் வேறுபாடு உள்ளவர்கள். இது பால்நிலை அடையாளம். ஒரு திருநங்கை ஆணையும் விரும்பலாம், பெண்ணையும் விரும்பலாம். ஆகவே இதற்கு ஒரு கேள்வி போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். நேபாளக் கணக்கு பாலினம் பற்றிய கேள்வியிலிருந்து மட்டும் வந்தது. அதை அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிடுவதே பிழை.

பாலியல் நாட்டத்தை மட்டும் எடுத்தாலும் அளப்பதற்கு மூன்று பொருள்கள் உண்டு:

1. ஈர்ப்பு: மனம் யார் பக்கம் போகிறது.
2. நடத்தை: யாரோடு உறவு இருந்தது, எந்தக் காலத்தில்.
3. அடையாளம்: தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார்.

திருமணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர், எப்போதாவது ஆண்களோடு உறவு கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனக்கு அவர் எந்தப் பெயரும் வைத்ததில்லை. பாலியல் சுகாதார ஆய்வில் அவர் எண்ணப்படுவார், அடையாளம் கேட்கும் ஆய்வில் எண்ணப்படமாட்டார். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குத் தன் தோழி மீது காதல். யாரிடமும் சொன்னதில்லை, எதுவும் நடந்ததுமில்லை. அவள் முதலாவது கேள்விக்கு மட்டுமே அகப்படுவாள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 1992இல் அமெரிக்காவில் எழுமாற்று மாதிரியை வைத்து நடந்த தேசியப் பாலியல் ஆய்வு காட்டியது. தற்பாலீர்ப்பு அல்லது இருபாலீர்ப்பு உள்ளவர் என்று தம்மை அடையாளப்படுத்தியவர்கள் ஆண்களில் 2.8 சதவீதம், பெண்களில் 1.4 சதவீதம். மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றவர்களைச் சேர்த்தால் ஆண்களில் 10.1, பெண்களில் 8.6. ஒரே ஆய்வு, அதே பெண்கள், எந்தக் கேள்வியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையில் ஆறு மடங்கு வித்தியாசம்.

இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்பில் ஆணாகப் பதியப்பட்டு, பெண்மையை வெளிப்படுத்தி வாழ்பவர்களில், சிங்களச் சூழலில் தம்மை ‘நாச்சி’ என்று அழைத்துக்கொள்ளும் சமூகத்தினர் இருக்கிறார்கள். தற்பாலீர்ப்பு ஆண், திருநங்கை என்ற இரண்டு கட்டங்களில் எதிலும் அவர்கள் முழுதாக அடங்குவதில்லை. வெளிநாட்டு வினாக்கொத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் அவர்கள் ஏதோ ஒரு கட்டத்துக்குள் தள்ளப்படுவார்கள், அல்லது காணாமல் போவார்கள்.

‘பத்து சதவீதம்’ எங்கிருந்து வந்தது?

அமெரிக்க ஆய்வாளர் அல்ஃபிரட் கின்சி 1948இல் வெளியிட்ட ஆண்கள் பற்றிய ஆய்விலிருந்து. ஆனால் அவர் சொன்னது வேறு. 16 முதல் 55 வயது வரையான காலத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது ஏறக்குறைய முழுமையாகத் தற்பாலீர்ப்பு வாழ்க்கை வாழ்ந்த ஆண்கள் 10 சதவீதம் என்றார். வாழ்நாள் முழுதும் அப்படி இருந்தவர்கள் 4 சதவீதம் என்றார். அவருடைய மாதிரியும் எழுமாற்றாகத் தெரிவு செய்யப்பட்டதல்ல. தாமாக முன்வந்தவர்களும் சிறையில் இருந்தவர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். 1954இலேயே முன்னணிப் புள்ளிவிபரவியலாளர்கள் மூவர் இந்தக் குறையை விரிவாக எழுதிவிட்டார்கள்.

பிற்காலச் செயற்பாட்டாளர்கள் அந்த எண்ணை ஏன் பற்றிக்கொண்டார்கள் என்பது புரிகிறது. ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்லவே போராட வேண்டிய காலம் அது. ஆனாலும் இன்று நியாயம் கேட்பவர்கள் இந்த எண்ணின் மேல் நிற்கக் கூடாது என்பதே என் கருத்து. அதை எதிராளி ஒரே கேள்வியில் தட்டிவிடலாம்.

கதவைத் தட்டுபவர் யார், பதில் சொல்பவர் யார்?

இலங்கையில் குடிசன தொகைமதிப்பை நடத்துவது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம். 2012இல் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேற்பட்டோரையும், 2024இல் 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேற்பட்டோரையும் எண்ணியது. இரண்டிலும் பாலியல் நாட்டம் பற்றிய கேள்வி இல்லை.

அடுத்த முறை சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? ஒரு வீட்டுக்கு ஓர் உத்தியோகத்தர் வருகிறார். அவர் பெரும்பாலும் அதே பகுதியில் வேலை செய்யும் அரசாங்க ஊழியர். வீட்டில் இருக்கும் எல்லாருக்குமாக ஒருவர் பதில் சொல்கிறார், வழக்கமாக அப்பா, அல்லது வீட்டில் அந்நேரம் நிற்கும் அம்மா. மகனின் வயதையும் படிப்பையும் அவர் சரியாகச் சொல்வார். மகனின் மனம் யார் பக்கம் போகிறது என்பதை அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மகள், கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், தானாக எழுந்து வந்து திருத்துவாளா? யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கும் இளைஞர்களின் நிலைமையும் இதேதான். அறையைப் பகிர்பவர் பக்கத்தில் நிற்பார்.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பு இதற்கு நல்ல உதாரணம். ஆண், பெண் என்பதோடு ‘பிற’ என்ற தெரிவு அங்கு முதன்முறையாகக் கொடுக்கப்பட்டது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அதில் பதிவானார்கள், தமிழ்நாட்டில் 22,364 பேர். ஆனால் அந்த மொத்தத்தில் 54,854 பேர் ஆறு வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான பிள்ளைகள். அந்த வயதுப் பிள்ளை தன் அடையாளத்தை உத்தியோகத்தரிடம் சொல்லியிருக்க முடியாது. பெரியவர்கள் சொன்னது, அல்லது கட்டம் மாறி விழுந்தது. பெரியவர்களின் பதில்களிலும் இதே கலப்பு எவ்வளவு இருக்கும் என்பதை அந்த அட்டவணையை வைத்துப் பிரிக்க வழியில்லை.

பதில் சொல்வது ஆபத்தாக இருக்கும் நாட்டில்

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை. ‘மோசமான அநாகரிகச் செயல்’ என்பதைக் குற்றமாக்கும் 365அ பிரிவுக்கு இரண்டு ஆண்டு வரை. பிந்தையது முன்னர் ஆண்களை மட்டும் குறித்தது. 1995 திருத்தத்தோடு பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்று 2023இல் கொண்டுவரப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அதே ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் காலாவதியானது.

இந்தச் சட்டத்தின் கீழ் ஓர் அரச உத்தியோகத்தர் வந்து "நீங்கள் தற்பாலீர்ப்பு உள்ளவரா" என்று கேட்டால், ஆம் என்ற பதில் ஒரு குற்ற ஒப்புதல் போலவே காதில் விழும். சட்டப்படி அடையாளம் குற்றமல்ல, செயல்தான் குற்றம் என்ற நுணுக்கம் வாசலில் நிற்பவருக்கு உதவாது. தொகைமதிப்புத் தகவல் இரகசியம் என்று சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கொழும்புத் தமிழருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் தங்கியிருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. படிவத்தில் எழுதிக்கொடுத்த விபரம் பிறகு எங்கே போகும் என்ற பயம் நம் வீடுகளில் கற்பனையாக வந்ததல்ல. அந்தப் பயம் இன்னொரு சிறுபான்மைக்கும் இருக்கிறது என்பதை நம்மால் மற்றவர்களை விட எளிதாகப் புரிந்துகொள்ள முடிய வேண்டும்.

எண்ணிக்கை பற்றிய கணக்கிலும் நமக்குப் பழக்கம் உண்டு. 1981க்குப் பிறகு 1991இல் தொகைமதிப்பு நடக்கவேயில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. வடக்கில் முழுமையாக எண்ண முடியாததால் வடக்கில் ஆட்கள் இல்லை என்று எவரும் வாதிடவில்லை. எண்ண முடியாத நிலைமை இருந்தது என்றுதான் எழுதினார்கள். எல்ஜிபிடி எண்ணிக்கைக்கும் அதே நேர்மை வேண்டும்.

கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறும்

1995இல் அமெரிக்கப் பதின்வயது ஆண்களிடம் நடந்த தேசிய ஆய்வொன்றில், ஒரு பகுதியினர் காகித வினாக்கொத்தைத் தாமே நிரப்பினார்கள். மற்றவர்கள் காதில் ஹெட்போனோடு கணினி வாசித்துக் காட்டிய கேள்விக்குப் பொத்தானை அழுத்தினார்கள். இன்னொரு ஆணோடு உறவு இருந்தது என்றவர்கள் காகிதத்தில் 1.5 சதவீதம், கணினியில் 5.5 சதவீதம். இரண்டிலும் எதிரில் நின்று கேள்வி கேட்கும் ஆள் இல்லை. எழுதிய காகிதத்தை ஒருவர் எடுத்துப் பார்ப்பார் என்ற எண்ணமே அந்த இடைவெளிக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு உத்தி பட்டியல் முறை. ஆட்களை எழுமாற்றாக இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்குச் சாதாரணமான நான்கு கூற்றுகள், மறு பாதிக்கு அதே நான்கோடு கூச்சத்துக்குரிய ஐந்தாவது கூற்று. ‘இவற்றில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்’ என்று எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும், எவை என்று சொல்லத் தேவையில்லை. முதல் பாதியின் சராசரி 2.0, இரண்டாவதின் சராசரி 2.1 என்றால், ஐந்தாவது கூற்று 10 சதவீதமானோருக்குப் பொருந்துகிறது என்று பொருள். யார் என்று ஆய்வாளருக்கே தெரியாது.

அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2013இல் இணையவழியில் இதைச் செய்து பார்த்தார்கள். நேராகக் கேட்டபோது எதிர்பாலீர்ப்பு உள்ளவரல்ல என்றவர்கள் 11 சதவீதம். பட்டியல் முறையில் 19. நாட்டு மக்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் மாதிரி அல்ல என்பதால் அந்த 19ஐத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. முக்கியமானது இடைவெளிதான். தற்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டங்களை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2003இலேயே நீக்கிவிட்டது. பெயர் தெரியாத இணைய ஆய்வில் அங்கேயே இத்தனை பேர் மறைக்கிறார்கள் என்றால், இங்கே நேருக்கு நேர் கேட்டால் என்ன கிடைக்கும்?

எதிர்ப்பக்கப் பிழை: தவறாக விழும் ‘ஆம்’

மறைப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மறுபக்கப் பிழை அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் சிறிய குழுக்களை எண்ணும்போது அதுதான் கணக்கை அதிகம் குலைக்கும்.

பத்தாயிரம் பேரில் உண்மையில் 100 பேர் திருநர் என்று வைப்போம். அவர்களில் பாதிப் பேர் மறைத்துவிட்டால் 50 ‘ஆம்’ பதில்கள் கிடைக்கும். மீதி 9,900 பேரில் நூற்றுக்கு ஒருவர் கேள்வி விளங்காமலோ அவசரத்திலோ தவறான கட்டத்தைத் தொட்டால் இன்னும் 99 ‘ஆம்’ பதில்கள் சேரும். மொத்தம் 149. பாதிப் பேர் மறைத்தும் எண்ணிக்கை உண்மையை விடக் கூடிவிட்டது. அதைவிட மோசம், அந்த 149 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் திருநரே அல்ல. அவர்களின் வேலை, கல்வி, உடல்நலம் பற்றி அதிலிருந்து எடுக்கும் எந்த முடிவும் பிழையாகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் இது நடந்ததாகத் தெரிகிறது. 16 வயதுக்கு மேற்பட்டோரிடம் விருப்பத்தின் பேரில் பதில் சொல்லலாம் என்று கேட்டார்கள். பாலியல் நாட்டக் கேள்விக்குத் தற்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளிட்ட பதில்களைத் தந்தவர்கள் சுமார் 15 இலட்சம் பேர், 3.2 சதவீதம். பதிலே சொல்லாதவர்கள் 7.5 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

பால்நிலைக் கேள்வி இன்னும் சிக்கலானது. ‘நீங்கள் அடையாளம் காணும் பால்நிலையும் பிறப்பில் பதியப்பட்ட பாலும் ஒன்றா’ என்று கேட்டது. ‘இல்லை’ என்றவர்கள் 2,62,000 பேர், 0.5 சதவீதம். இந்த விகிதம் கூடுதலாக வந்த இடங்கள் எவை என்று பார்த்தால், எல்ஜிபிடி சமூகத்துக்குப் பெயர்போன பிரைட்டனை விட இலண்டனின் நியூஹாமும் பிரென்டும் மேலே நின்றன. ஈஸ்ட்ஹாமும் வெம்பிளியும் உள்ள பகுதிகள், நம்மவர் நிறைய வாழும் இடங்கள். ஆங்கிலம் முதன்மொழி அல்லாதவர்களிடையே ‘இல்லை’ என்ற பதில் அளவுக்கு மீறி இருந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பலர் கேள்வியைப் பிழையாக விளங்கியிருக்கலாம். கடைசியில் 2024இல் அந்தப் புள்ளிவிபரத்துக்கு இருந்த அங்கீகரிக்கப்பட்ட தகுதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அத்தனை பணமும் அனுபவமும் உள்ள நாடு ஒரே ஒரு கேள்வியின் அமைப்பில் சறுக்கியது. மூன்று மொழிகளில் கேட்க வேண்டிய இலங்கை இதை உற்றுப் பார்க்க வேண்டும்.

மறைந்திருப்பவர்களை எண்ணும் வழிகள்

வீடு வீடாகப் போகாமலும் மதிப்பிடலாம். குளத்து மீன்களை எண்ணுவது போன்ற ஒரு முறை உண்டு. ஒரு வாரம் 200 பேருக்கு ஓர் அடையாளச் சின்னம் கொடுக்கிறார்கள். இன்னொரு வாரம் வேறு வழியில் 150 பேரைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 30 பேரிடம் சின்னம் இருக்கிறது. ஐந்தில் ஒருவரிடம் இருப்பதால், மொத்தம் 200இன் ஐந்து மடங்கு, சுமார் 1,000 பேர். ஆனால் வெளியே வருகிற அதே துணிச்சலானவர்களே இரண்டு முறையும் அகப்பட்டால், சின்னம் உள்ளவர்கள் 60 ஆகலாம், மதிப்பீடு 500ஆகச் சுருங்கிவிடும்.

இன்னொரு முறையில், முதலில் வந்த சிலருக்குச் சீட்டுகள் கொடுத்து அவர்களுக்குத் தெரிந்தவர்களை அழைத்துவரச் சொல்வார்கள், வந்தவர்களுக்கும் அதேபோல். யாரையும் தெரியாமல் தனித்து வாழ்பவர் இதில் வரமாட்டார்.

இலங்கையில் இப்படியான ஆய்வுகளைத் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நடத்தியிருக்கிறது. நோக்கம் எச்.ஐ.வி. தடுப்பு. ஆகவே எண்ணப்படுவது ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும். எத்தனை பரிசோதனை, எத்தனை ஆணுறை, எத்தனை ஊழியர் வேண்டும் என்று திட்டமிட அது நல்ல கணக்கு. நாட்டில் எல்ஜிபிடியினர் எத்தனை பேர் என்பதற்கு அது பதிலாகாது. பெண்களை விரும்பும் பெண்கள் அதில் இல்லை, நோய்த்தடுப்புப் பணம் அவர்களை நோக்கி வருவதில்லை என்பதால். திருநம்பிகளின் நிலையும் பெரும்பாலும் அதுதான். எந்த நிதி யாரைத் தேடிப்போகிறதோ அவர்களே கணக்கில் வருகிறார்கள், இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விடயம்.

நிர்வாகப் பதிவுகளிலும் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவைத் திருத்தலாம். அதற்கு மனநல மருத்துவரைச் சந்திக்க வேண்டும், அப்புறம் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே பால் பொதிந்திருக்கிறது. பெண்களுக்குப் பிறந்த நாளின் எண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே இலக்கத்திலிருந்தே மாற்ற வேண்டி வருகிறது. இவ்வளவையும் கடந்து சான்றிதழ் பெற்றவர்களை எண்ணினால், கடக்க முடிந்தவர்களின் எண்ணிக்கை கிடைக்கும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை கூடுகிறதே?

கலப் கணக்கில் 2012இல் 3.5 சதவீதம், 2024இல் 9.3. வயதுவாரியாகப் பார்த்தால், 1946க்கு முன் பிறந்தவர்களில் 1.8 சதவீதம், 1997இலோ அதற்குப் பின்னரோ பிறந்து வயது வந்தவர்களில் 23.1. எல்ஜிபிடி என்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இருபாலீர்ப்பு உள்ளவர்கள். ‘இது பரவுகிறது’ என்று சிலர் பயப்படுவது இந்த எண்களைப் பார்த்துத்தான். ஆனால் 1992 ஆய்விலேயே ஈர்ப்பும் நடத்தையும் அடையாளத்தை விட மிக அதிகமாக இருந்தன என்பதை மறக்கக் கூடாது. அன்று ஈர்ப்பு இருந்தும் பெயர் சொல்லாத பெண்ணைப் போன்றவள் இன்று பெயர் சொல்கிறாள். அதிகரிப்பு முழுவதையும் இது விளக்கிவிடும் என்று சொல்லமாட்டேன். இளையவர்கள் அடையாளங்களைப் பயன்படுத்தும் விதமும் மாறியிருக்கிறது. எண்ணிக்கையில் தெரியும் ஏற்றத்தை மனிதர்களில் வந்த ஏற்றமாக அப்படியே வாசிப்பதற்கு மட்டும் இடமில்லை.

இலங்கையில் கேட்பதானால்

சரி, கேட்கவே வேண்டாமா? வேண்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்துக்குக் குறைந்தபட்சத் தலை எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒருவர் இருந்தாலும் அது அவருக்கு உண்டு. ஆகவே உரிமை பற்றிய விவாதத்தில் ‘முதலில் எத்தனை பேர் என்று காட்டு’ என்பதை ஏற்கக் கூடாது. மருத்துவ சேவை, மனநல ஆலோசனை, வேலைப் பாகுபாடு போன்றவற்றைத் திட்டமிடத்தான் எண் வேண்டும். அதற்கு என் பார்வையில் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. 365, 365அ பிரிவுகள் முதலில் நீங்க வேண்டும். அதற்கு முன் எடுக்கும் எந்தக் கணக்கும் பயத்தையே அளக்கும்.
2. தொகைமதிப்பில் கேட்காமல் மாதிரி ஆய்வில் தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, திரையில் தாமே பதில் தர வேண்டும். ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதும் ஒரு பதிலாக இருக்க வேண்டும்.
3. ஈர்ப்பு, நடத்தை, அடையாளம் மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும். தமிழ், சிங்கள வாசகங்களை அந்தந்தச் சமூகத்தினரோடு இருந்து முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும்.
4. மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். 2,000 பேரிடம் கேட்டு 3 சதவீதம் கிடைத்தால் அது 60 பேர். தற்செயல் பிழையை மட்டும் சேர்த்தாலே 45 முதல் 75 வரை எதுவாகவும் இருக்கலாம். தமிழ் பேசுவோர் நாட்டில் சுமார் கால் பங்கினர் என்பதால் அந்த 60இல் நம்மவர் 15 பேர் அளவில்தான் வருவார்கள். பதினைந்து பேரை வைத்துத் தமிழ்ச் சமூகத்தைப் பற்றி யாராவது கட்டுரை எழுதினால் நம்பாதீர்கள்.
5. முடிவுகளை மாகாண அளவுக்குக் கீழே வெளியிடக் கூடாது. நாட்டில் சுமார் 14,000 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பிரிவில் ‘2’ என்று அட்டவணையில் அச்சானால், பெயர் இல்லாவிட்டாலும் ஊர் அந்த இரண்டு பேரையும் தேடத் தொடங்கிவிடும்.